குயவனின் கழுதையும் லாரியின் ஓசையும்

ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்த இரண்டனுள் முன்னதைப் பின்னதற்குக் காரணம் என்று கொள்ள எவ்வளவு சான்று வேண்டும் என்னும் வினா இந்தியத் தருக்க மரபில் மிகப் பழையது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த செய்தியைத் தமிழர் பழமொழியாகவும் வடமொழியாளர் காகதாலீய நியாயமாகவும் வழங்கி வந்துள்ளனர். எனினும் அந்த எச்சரிக்கையைச் சொல்வது எளிது, ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியில் காக்கை எது, காற்று எது, இற்றுப்போன காம்பு எது என்று பிரித்துக் காட்டுவது அரிது. மெய்யியல் நூலார் இதனை விளக்கப் புகையையும் நெருப்பையும், குடத்தையும் குயவனையும் எடுத்துக்கொண்டது அவை தத்துவப் பெருமை உடையவை என்பதனால் அன்று, தெருவில் எவரும் கண்டவை என்பதனாலேயே. இன்று நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லாரிப் பட்டறைகளில், ஸ்டியரிங் வேலை முடிந்து வெளியேறிய வண்டியில் முன்பு கேளாத ஓர் ஓசை கேட்கும்போது எழும் வழக்கு, பழைய எடுத்துக்காட்டுகளைவிடக் கூர்மையாக அவ்வினாவை எழுப்புகிறது. ஏனெனில் குடம் உடைந்தால் மண் மட்டுமே வீணாகும், ஸ்டியரிங்கின் காரணத்தைத் தவறாகக் கொண்டால் உயிர் போகும்.

கனரக லாரியின் ஸ்டியரிங் அமைப்பு கைச்சக்கரம் முதல் முன்சக்கரங்கள் வரை ஒன்றையொன்று தள்ளியும் இழுத்தும் இயங்கும் உறுப்புகளின் தொடர். கைச்சக்கரத்தின் தண்டு, இடைமூட்டுகளின் வழியாக, சேசிஸில் பொருத்தப்பட்ட ஸ்டியரிங் பாக்ஸுக்குள் சுழற்சியைக் கொண்டுசெல்கிறது; பாக்ஸ் அச்சுழற்சியை, டிராப் ஆர்ம் எனப்படும் தொங்கும் கையின் முன்பின் அசைவாக மாற்றுகிறது; அக்கையின் முனையிலிருந்து டிராக் லிங்க் என்னும் தண்டு அவ்வசைவை ஒரு பக்கச் சக்கரத்துக்கு எடுத்துச்செல்ல, டை ராடு என்னும் குறுக்குத்தண்டு அதனை மறுபக்கச் சக்கரத்துக்குக் கடத்துகிறது. சக்கரங்கள் திரும்புவது கிங் பின் என்னும் செங்குத்து முளையைச் சுற்றி. அம்முளை இருக்கும் ஆக்சிலை ஸ்பிரிங் பட்டைகள் தாங்குகின்றன. பவர் ஸ்டியரிங் உள்ள வண்டிகளில் என்ஜினால் இயங்கும் பம்பு ஒன்று அழுத்தமேற்றிய எண்ணெயைப் பாக்ஸுக்குள் செலுத்தி ஓட்டுநரின் கைவலுவுக்குத் துணைசெய்கிறது. இத்தனை உறுப்புகளிலும் மூட்டுகள் உண்டு, மூட்டு தோறும் தேய்மானம் உண்டு. தேய்மானத்தால் உண்டாகும் சிறு இடைவெளியைப் பட்டறையில் ஆட்டம் என்பர். வேலை என்பது பெரும்பாலும் இவற்றுள் ஒன்றையோ இரண்டையோ தொடுவது. தொடப்படாத எஞ்சியவை பழைய நிலையிலேயே இருக்கும்.

வண்டி வெளியேறிய மறுநாளே ஓட்டுநர் திரும்பி வந்து, "நீங்க கை வச்ச பிறகுதான் மேஸ்திரி இந்தச் சத்தம் வருது" என்று கூறுவாராயின், அந்தச் சில சொற்களுள் ஒரு முழு அனுமானம் அடங்கியிருக்கிறது. அனுமானமாவது கண்டதைக் கொண்டு காணாததை உணர்தல். தமிழ் அளவை நூல்கள் அதனைக் கருதல் என்று குறிக்கும். நிறுவ வேண்டியது பக்கம், நிறுவுவது ஏது, ஏது உள்ள இடத்திலெல்லாம் நிறுவப்படும் பொருளும் தப்பாமல் இருத்தல் வியாத்தி. ஓட்டுநரின் கூற்றில் 'ஸ்டியரிங் வேலையே இவ்வோசைக்குக் காரணம்' என்பது பக்கம், 'வேலைக்குப் பின் தோன்றியமையின்' என்பது ஏது. அன்று மாலை பெய்த மழையும் வேலைக்குப் பின் வந்ததே. அதனை எவரும் மேஸ்திரியின்மேல் ஏற்றுவதில்லை. இவ்வாறு நிறுவப்படும் பொருள் இல்லாத இடத்திலும் சென்று நிற்கும் ஏதுவுக்கு அநைகாந்திகம் என்று பெயர். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் உரைக்கும் ஏதுப்போலிகளுள் அதுவும் ஒன்று. அக்காப்பியத்தின் 27ஆம் காதையில் வஞ்சி நகரத்து அளவைவாதி எண்ணிக்காட்டும் எட்டு அளவைப் போலிகளுள் 'தேராது தெளிதல்' என்பது இவ்விடத்துக்கு இன்னும் நெருக்கமானது: ஆராயாமல் தறியை ஆள் என்று துணிதல் அதற்கு அங்கே தரப்படும் சான்று. எனினும் ஓட்டுநர் கூறியதைப் புறந்தள்ளிவிடுவதும் ஆராயாமையே. நியாய நூல் கூறும் 16 பதார்த்தங்களுள் ஐயமும் ஒன்றாக வைக்கப்பட்டது, அது ஆராய்ச்சிக்கு வாயில் என்பதனால்தான். ஓட்டுநரின் சொல் துணிபாக ஏற்கத்தக்கதன்று, ஐயமாக ஏற்கத்தக்கது.

காரணம் என்பதற்கு நியாய மரபு தரும் இலக்கணம் மூன்று கூறுகளை உடையது: காரியத்துக்கு முன் இருத்தல், தப்பாமல் இருத்தல், வேறொன்றால் அமைந்துவிட்டதாக இல்லாதிருத்தல். மூன்றாவது கூறுக்கு அநந்யதாசித்தம் என்று பெயர். அதற்கு மறுதலையான அந்யதாசித்தம், காரியத்தின் அருகில் நின்றும் காரியத்துக்கு வேண்டாதது. 17ஆம் நூற்றாண்டில் விசுவநாதர் இயற்றிய பாஷாபரிச்சேதம் இதற்கு ஐந்து சான்றுகளை அடுக்குகிறது. குயவன் சக்கரத்தைச் சுழற்றும் கோல் குடத்துக்குக் காரணம். ஆனால் கோலின் கோல்தன்மை, கோலின் நிறம், எங்கும் உள்ள ஆகாயம், குயவனின் தந்தை, மண் சுமந்து வந்த கழுதை ஆகியவை குடம் பிறக்கும் முன் இருந்தும் காரணமாகா. அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைத் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டில் தமிழாக்கியதன் பின், இப்பாகுபாடுகள் தமிழ்க் கல்வியிலும் இடம்பெற்றன.

ஐந்தனுள் கழுதைக்கு உரிய சிறப்பு தனித்துக் கூறத்தக்கது. ஆகாயம் எல்லாவற்றுக்கும் பொது என்பதனால் அதனை எவரும் ஐயுறுவதில்லை. குயவனின் தந்தை கண்ணுக்கு அப்பால் இருக்கிறார். கழுதையோ சக்கரத்தின் அருகிலேயே, மண் தூசியோடு, வேலையில் உண்மையாகவே பங்கு கொண்டதாக நிற்கிறது. ஐரோப்பியச் சிந்தனையில் டேவிட் ஹியூம் 1739இல் வெளியிட்ட நூலில் காரணத்தை இடையறாத உடன்நிகழ்ச்சியாகச் சுருக்கியபோது எழுந்த இடர், உடன் நிற்பவற்றுள் எதனை விலக்குவது என்பதே. அவ்விடத்தில் நியாய நூலாரின் கழுதை ஹியூமின் பில்லியர்ட்ஸ் பந்துகளைவிட நன்கு உழைக்கிறது. பட்டறையில் புதிதாக மாற்றப்பட்ட ஸ்டியரிங் பாக்ஸ், கரி படிந்த சேசிஸுக்கு நடுவே பளிச்சென்று தெரிவதனால் முதலில் குற்றம் சாட்டப்படுகிறது. அதுவே காரணமாகவும் இருக்கலாம், வெறுமனே அருகில் நிற்பதாகவும் இருக்கலாம். பளிச்சென்று தெரிதல் இவ்விரண்டனுள் எதற்கும் சான்றாகாது.

ஓசை எங்கிருந்து வருகிறது என்பதையேனும் செவி நேரே அறிகிறதா என்றால், அதனையும் வைசேடிகர் மறுப்பர். ஓசை சேர்க்கையாலும் பிரிவாலும் மற்றோர் ஓசையாலும் பிறக்கும் என்பது அவர் கொள்கை. முதலில் பிறந்த ஓசை அடுத்ததைப் பிறப்பிக்க, அது மற்றொன்றைப் பிறப்பிக்க, நீரில் அலை அலையாகப் பரவுவதுபோல் செல்வதை வீசிதரங்க நியாயம் என்றும், கடம்ப அரும்பு எல்லாப் பக்கமும் ஒருங்கே விரிவதுபோல் பரவுவதைக் கதம்பமுகுள நியாயம் என்றும் வழங்கினர். அதன்படி செவி பற்றுவது அத்தொடரின் இறுதி ஓசையையே. பிறந்த இடம் காண்டலுக்கு எட்டாமல் கருதலுக்கே விடப்படுகிறது. இன்றைய இயற்பியல் இதனை மெய்ப்பிக்கும் வகை சுவையானது. காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஓசை எஃகில் நொடிக்கு 5,000 மீட்டருக்கு மேல் செல்வதோடு, நீண்ட சேசிஸ் சட்டத்தின் வழியே அதிகம் நலியாமலும் செல்கிறது. ஆகவே முன் ஸ்பிரிங்கின் பின்முனையைத் தாங்கும் சாக்கிளில் எழும் முறுமுறுப்பு, ஸ்டியரிங் தண்டின் வழியே ஏறி, ஓட்டுநரின் உள்ளங்கைக்குக் கீழேயே பிறந்ததாகத் தோன்றும். நீண்ட திருப்புளியின் முனையை ஒவ்வொரு மூட்டிலும் ஊன்றி அதன் கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்கும் மேஸ்திரியின் வழக்கம் இந்த அலைத்தொடரை அதன் தொடக்கத்தை நோக்கிப் பின்னோக்கி நடப்பதேயாம்.

காரணத்தை நிலைநாட்டும் முறைக்கு அன்வயம், வெதிரேகம் என இரண்டு கால்கள் உண்டு. முன்னது ஒன்று உள்ளபோது மற்றதும் உளதாதல், பின்னது ஒன்று இல்லாதபோது மற்றதும் இலதாதல். பௌத்தர் இதனை ஐந்து படிகளாக விரித்துப் பஞ்சகாரணி என்றனர்: முதலில் காரியம் காணப்படாமை, பின் காரணம் காணப்படுதல், உடன் காரியம் காணப்படுதல், காரணம் நீங்கக் காணுதல், காரியமும் நீங்கக் காணுதல். ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வகுத்த ஒப்புமை முறையும் வேற்றுமை முறையும் இதே நிலத்தில் நிற்பவை. பட்டறையில் இம்முறை எவ்வாறு செயற்படுகிறது என்பதைச் சற்று அருகிலிருந்து நோக்கலாம்.

வண்டி சமதரையில், கைபிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நிறுத்தப்படுகிறது. என்ஜின் ஓட, ஒருவர் கேபினில் அமர்ந்து கைச்சக்கரத்தை முழுதும் திருப்பாமல், இடமும் வலமுமாகச் சிறிதளவே விட்டுவிட்டு அசைக்க, மற்றொருவர் கீழே படுத்து, டிராப் ஆர்ம் முதல் டை ராடின் கடைசி மூட்டு வரை ஒவ்வொன்றின்மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். மூட்டின் இரு பாதிகளும் ஒன்றாக அசைந்தால் அது நலமாக உள்ளது. ஒரு பாதி அசைந்து, இமைப்பொழுது தாழ்த்து, 'டக்' என்ற தட்டலோடு மறுபாதி தொடருமாயின், காது தேடியது கைக்கு அகப்பட்டுவிடுகிறது. பின் என்ஜின் நிறுத்தப்பட்டு அதே அசைவு செய்யப்படுகிறது. அதுவரை கேட்ட இரைச்சல் அடங்கிவிடுமாயின் அது மூட்டில் பிறந்ததன்று, எண்ணெயிலும் பம்பிலும் பிறந்தது. அதன்பின் முன் ஆக்சிலுக்கு ஜாக்கி கொடுத்துச் சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பும்படி செய்து மறுபடியும் திருப்புகிறார்கள்; தரையில் நின்றபோது கேட்ட கிறீச்சொலி இப்போது கேளாவிடின், பாரத்தைத் தாங்கும் உறுப்புகளாகிய கிங் பின்னின் அடிபேரிங்கும் ஸ்பிரிங் பட்டைகளும் சாக்கிளும் ஐயத்துக்கு உள்ளாகின்றன. ஓசை என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்குகிறதா, வண்டியின் வேகத்தோடா, திருப்பத்தின் அளவோடா என்று கேட்பது மில் கூறிய உடன்மாறல் முறை. இத்தனை சோதனையிலும் தனியாக விலக்கி வைக்க வேண்டிய ஓசை ஒன்றுண்டு: கைச்சக்கரத்தை ஒரு பக்கம் இறுதி வரை திருப்பிப் பிடித்தால் எழும் சீறல், மிகுந்த எண்ணெயழுத்தத்தைப் பாதுகாப்பு வால்வு விடுவிப்பதன் ஓசை; அது பழுதின் அடையாளம் அன்று, ஆயினும் அந்நிலையில் நெடுநேரம் பிடித்திருந்தால் எண்ணெய் சூடேறிப் பம்பு கெடும்.

இவ்வளவு செய்தும் வியாத்தி பிழைபடும் இடம் ஒன்றுண்டு. அதற்கு நியாய நூலார் இட்ட பெயர் உபாதி, அதாவது உள்ளே மறைந்து நின்று உடன்நிகழ்ச்சியை உண்டாக்கும் அடை. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது தப்பாதது. நெருப்பு உள்ள இடத்தில் புகை உண்டு என்பது ஈர விறகு இருந்தால் மட்டுமே உண்மை. ஸ்டியரிங் வேலைக்குப் பின் திருப்பும்போது இரைச்சல் எழுவதைப் பல வண்டிகளில் கண்ட ஒருவர், வேலைக்கும் இரைச்சலுக்கும் வியாத்தி உண்டென்று முடிவுகட்டக்கூடும். டை ராடின் முனை மட்டும் மாற்றப்பட்ட வண்டிகளில் அவ்விரைச்சல் இல்லை, எண்ணெய் வடிக்கப்பட்டு மீண்டும் ஊற்றப்பட்ட வண்டிகளில்தான் உண்டு என்று கண்டவுடன் ஈர விறகு வெளிப்பட்டுவிடுகிறது: எண்ணெயில் சிக்கிய காற்றே காரணம், தொட்டியின் மூடியைத் திறந்தால் நுரை தெரியும். முன்சக்கரங்களைத் தூக்கிக் கைச்சக்கரத்தை இரு கோடிகளுக்கும் மெல்ல மெல்லத் திருப்பிக் காற்றை வெளியேற்றி, குறைந்த எண்ணெயை நிரப்பினால் இரைச்சல் நீங்கும். இங்கே வேலை குற்றம் உடையதுதான், ஆனால் வேலை என்னும் பொதுமையால் அன்று, முடிக்காமல் விட்ட ஒரு படியால். பாக்ஸைச் சேசிஸோடு பிணைக்கும் போல்ட்டு முழுதும் இறுக்கப்படாமை, எண்ணெய்க் குழாய் இடம் மாறிச் சட்டத்தில் உரசுதல், திருப்பத்தின் எல்லையைக் கட்டுப்படுத்தும் திருகு சரிசெய்யப்படாமல் டயர் டிராக் லிங்க்கில் தேய்தல் ஆகியவையும் இவ்வகையின.

மற்றொரு வகைதான் மெய்யியலுக்கு வளம் மிக்கது. தேய்ந்த பாக்ஸில் ஆட்டம் மிகுந்திருந்த காலத்தில், சாலையின் குலுக்கல் அந்த இடைவெளிக்குள்ளேயே கரைந்துவிடும். கைச்சக்கரத்துக்கு அது முழுமையாக ஏறாது. பாக்ஸின் சொந்தத் தடதடப்பு மற்றச் சிற்றோசைகளை மூடிவிடும். புதிய பாக்ஸ் இறுக்கமாக அமைந்தவுடன், பல மாதங்களாகத் தேய்ந்துகொண்டிருந்த கிங் பின்னோ டிராக் லிங்க் மூட்டோ தன் தட்டலை முதன்முறையாக ஓட்டுநரின் கைக்கு அனுப்புகிறது. இங்கே வேலை ஓசையைப் பிறப்பித்ததா? நியாய மரபில் இதற்கு நேரான ஓர் ஆராய்ச்சி உண்டு. நெருப்பின் சுடும் ஆற்றலைத் தடுக்கும் மணி ஒன்று அருகிலிருந்தால் நெருப்புச் சுடாது, மணியை அகற்றியவுடன் சுடும் என்னும் வழக்கை எடுத்துக்கொண்டு, தடையின் இன்மையும் காரியத்துக்கு வேண்டப்படுவது என்று நியாயர் ஏற்றனர். மீமாம்சகர் அங்கே நெருப்பின் சத்தி அழிந்து மீள்வதாகக் கூறினர். எந்தக் கட்சியை ஏற்பினும் மணியை அகற்றியவனைச் சுட்டவன் என்று எவரும் கூறவில்லை. பழைய ஆட்டம் ஓசைக்கு மணியாக நின்றது. மேஸ்திரி அகற்றியது மணியை. தமிழ் அணிநூலாகிய தண்டியலங்காரம் ஏதுவணியைக் காரக ஏது, ஞாபக ஏது என்று பகுத்து, ஒன்றைச் செய்விக்கும் ஏதுவையும் ஒன்றை அறிவிக்கும் ஏதுவையும் வேறுபடுத்துகிறது. விளக்கு குடத்தைக் காட்டுகிறது, வனைவதில்லை. அவ்வகையில் வேலை ஞாபக ஏது மட்டுமே. தேய்மானம்தான் காரக ஏது. ஆயினும் மேஸ்திரி தம்மை முற்றிலும் விடுவித்துக்கொள்ள இது இடம் தராது: தடையை அகற்றுகிறவர் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும் என்பதும், இறுக்கமான பாக்ஸைப் பொருத்தும் முன் மற்ற மூட்டுகளைத் தொட்டுப் பார்ப்பது முறையான வேலையின் பகுதி என்பதும் பட்டறையிலேயே ஏற்கப்பட்டவை.

இதனோடு கேட்பவரின் நிலையும் சேர்த்து எண்ணத்தக்கது. பொறியும் பொருளும் கூடினால் மட்டும் அறிவு பிறவாது, மனமும் அப்பொறியோடு கூட வேண்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒரு பொறியோடுதான் என்பது நியாயக் கொள்கை. பெருந்தொகை கொடுத்து ஸ்டியரிங் வேலை பார்த்த ஓட்டுநரின் மனம் அடுத்த சில நாள்கள் செவியைவிட்டு அகலாது. முன்பு கேட்டும் கேளாதிருந்த ஓசைகள் அப்போது கேட்கத் தொடங்கும். மணிமேகலையின் போலிப் பட்டியலில் 'கண்டு உணராமை' என்பது, புலி அருகே வருவதைக் கண்டும் இன்னதென்று உணராதிருத்தல். அதனால் ஓசை புதிதா, பெரிதானதா, இப்போதுதான் செவியில் பட்டதா என்று ஓட்டுநரைப் பொறுமையாகக் கேட்பது சோதனைகளுக்கு முன் நிற்க வேண்டிய சோதனை. பழகிய மேஸ்திரிகள் ஓட்டுநரைவிடக் கிளீனரின் சொல்லை நம்புவதற்கு இதுவே காரணமாகலாம். கைச்சக்கரத்தைப் பிடிக்காத அவர் காது ஒரு பக்கம் சாராதது.

சமயத்துக்குரிய வினா இங்கேதான் நுழைகிறது. வேலை முடிந்த வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சூடம் காட்டி எடுத்துச்செல்லும் அதே கை, சற்று முன் போல்ட்டை இறுக்கிப் பார்த்த கை. இரண்டும் ஒன்றோடொன்று முரணுவதாக ஓட்டுநரும் மேஸ்திரியும் கருதுவதில்லை. அவர்களது அமைதிக்கு நியாய மரபு ஒரு கோட்பாட்டையே தரக்கூடும். ஈசுவரன், அவனது அறிவு, இச்சை, முயற்சி, காலம், திசை, நல்வினை தீவினை என்னும் அதிட்டம், தோன்றுமுன் இருந்த இன்மை ஆகிய எட்டும் எல்லாக் காரியத்துக்கும் பொதுக் காரணங்கள் என்றும், கோலும் சக்கரமும் போன்றவை அந்தந்தக் காரியத்துக்கே உரிய சிறப்புக் காரணங்கள் என்றும் அம்மரபு வகுத்தது. எல்லாம் அவன் செயல் என்பது இப்பகுப்பின்படி பொய்யன்று. ஆனால் ஓசை எழுவதற்கும் எழாமைக்கும் அது ஒன்றுபோலவே பொதுவாதலின், இவ்வோசை எம்மூட்டில் பிறந்தது என்று அது கூறாது. அதிட்டத்தை இதனினும் முந்திக்கொண்டு துணைக்கு அழைத்த இடங்களும் உண்டு: காந்தத்தை நோக்கி ஊசி நகர்வதற்கு வைசேடிக சூத்திரம் அதிட்டத்தையே காரணமாகக் கூறியது. காணத்தக்க சிறப்புக் காரணத்தைத் தேடி முடிக்கும் முன் காணப்படாததை அழைப்பது ஆராய்ச்சியை மூடிவிடும் என்பதற்கு அச்சூத்திரமே போதிய சான்று. பட்டறையில் 'வண்டிக்கு நேரம் சரியில்லை' என்னும் சொல் அதே வேலையைச் செய்கிறது.

உலகம் காரியமாதலின் அதற்கு ஒரு கருத்தா வேண்டும் என்னும் வாதத்தையும் இவ்வளவைகளே தாங்குகின்றன. சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களுள் முதலாவது, தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்திலிருந்து அதனைச் செய்தவனை நோக்கிச் செல்கிறது. மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்னும் பகுப்பு சித்தாந்த உரைகளில் நன்கு வேரூன்றியது. இதற்கு எதிராக 7ஆம் நூற்றாண்டிலேயே தருமகீர்த்தி எழுப்பிய தடை பட்டறைக்கும் பொருந்தும் கூர்மையுடையது: மண்ணின் விகாரம் என்னும் பொதுமையைக் கொண்டு குயவனைக் கருதினால் கறையான் புற்றுக்கும் குயவனைக் கருத வேண்டிவரும், ஒருவனது புண்ணுக்கு வாளும் அது ஆறியதற்கு மருந்தும் காரணமாயிருக்க, தொடர்பற்று நின்ற கட்டையைக் காரணமென்று ஏன் கொள்ளலாகாது? 'சத்தம்' என்னும் பொதுமையைக் கொண்டு பழுதைக் கருதமுடியாது, இன்ன நிலையில் இன்ன வகையாக எழும் சத்தம் என்னும் சிறப்பைக் கொண்டே கருதமுடியும் என்பது மேஸ்திரிகள் நாள்தோறும் கடைப்பிடிக்கும் விதி. சித்தாந்திகள் தருமகீர்த்தியின் தடையை அறியாதவர் அல்லர். ஞாயிற்றின் முன்னிலையில் ஒரு தாமரை மலர, ஒன்று முகிழ்க்க, ஒன்று வாடுவதைப்போல் இறைவன் விகாரமின்றி முன்னிலை மாத்திரையால் காரணமாவான் என்றும், கருதலோடு ஆகமமாகிய உரையளவையும் இங்கே வேண்டும் என்றும் விடையிறுத்தனர். அவ்விடை வலிமையுடையதே, ஆனால் அதன் வலிமை வேறு தளத்தைச் சார்ந்தது. மூட்டைக் கழற்றிப் பார்த்தால் ஓசை நீங்குகிறதா என்று வெதிரேகத்தால் அறியலாம். எங்கும் என்றும் உள்ள ஒன்றைக் கழற்றிப் பார்க்க இயலாது. வெதிரேகம் கிடையாத காரணத்தை வெதிரேகத்தால் மறுக்கவும் முடியாது, நிறுவவும் முடியாது என்பதை இரு தரப்பாரும் ஒப்புக்கொண்டிருந்தால் வாதநூல்களின் பக்கங்கள் சற்றுக் குறைந்திருக்கும்.

எவ்வளவு ஆராய்ந்தாலும் ஐயம் முற்றும் தீர்வதில்லை என்று கூறுவார்க்கு, 10, 11ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்த உதயணர் நியாயகுசுமாஞ்சலியில் ஓர் எல்லை வகுத்தார்: ஐயுறுபவரின் சொந்தச் செயலோடு முரணும் இடத்தில் ஐயம் நின்றுவிடும், புகைக்கு நெருப்புக் காரணமா என்று ஐயுறுபவர் புகை வேண்டியபோது நெருப்பைத் தேடிச் செல்வதேன்? 12ஆம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர், முரண் உண்டென்றாலே ஐயமும் உண்டென்று அதனைத் திருப்பிவிட்டார். ஏட்டளவில் ஸ்ரீஹர்ஷரே வென்றதாகத் தோன்றினாலும், ஸ்டியரிங்கின் முன் இருவரும் ஒருங்கே தேவைப்படுகின்றனர். கேபின் கதவின் தாழ் கடகடத்தால் ஐயத்தை உதயணர் எல்லையில் நிறுத்திவிட்டு வண்டியைப் பாரத்துக்கு அனுப்பலாம். டிராக் லிங்க்கின் முனையில் நட்டு கழன்று விழாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின் போடப்பட்டதா என்னும் ஐயத்தையோ, போட்டவர் தாமே ஆயினும், மீண்டும் குனிந்து பார்க்கும் வரை நிறுத்தலாகாது; அந்த ஊசி இல்லாதபோதும் முதல் நூறு கிலோமீட்டருக்கு ஓசை எதுவும் எழாதிருக்கலாம்.

ஓசை நின்றுவிட்டது என்பதும் காரணம் நீங்கியதற்குத் தானே சான்றாவதில்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் புகை இல்லை, நெருப்பு உண்டு; புகையின்மையைக் கொண்டு நெருப்பின்மையைக் கருதுவது பிழை என்பதற்குத் தருக்க நூலார் திரும்பத் திரும்பக் காட்டும் இடம் அது. தேய்ந்த கிங் பின்னுக்குக் கிரீஸ் அடித்தால் கிறீச்சொலி அடங்கும், தேய்மானம் அப்படியே இருக்கும். ஓட்டுநர் மகிழ்ச்சியோடு பணம் கொடுத்துச் செல்வார். அறிவின்வழி நடந்த முயற்சி பயன்தந்தால் அவ்வறிவு மெய் என்று நியாய பாடியத்தின் தொடக்கத்தில் வாத்சியாயனர் கூறியதைப் பட்டறையில் சோதனை ஓட்டம் நிறைவேற்றுகிறது. ஆயினும் வெறும் வண்டியைப் புறவழிச்சாலையில் ஓட்டி வந்து சத்தம் இல்லை என்று முடிவுகட்டுவது வெறும் வண்டிக்கும் நேர்ச்சாலைக்கும் மட்டுமே பொருந்தும் முடிவு. பாரம் ஏறியவுடன் ஸ்பிரிங் பட்டைகள் தாழ்கின்றன, டிராக் லிங்க்கின் கோணம் மாறுகிறது, புதிதாக இறுக்கிய போல்ட்டுகள் தம் இருப்பிடத்தில் படிந்து சிறிது தளர்கின்றன. கொல்லிமலைக்கு ஏறும் பாதையின் 70 கொண்டையூசி வளைவுகளைப் போன்ற ஒரு வழியில், பாரத்தோடு, இரு பக்கமும் முழுத் திருப்பம் திரும்பி இறங்கிய வண்டியை மறுபடியும் பட்டறைக்குக் கொண்டுவந்து, அதே மூட்டுகளில் மீண்டும் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, தளர்ந்த போல்ட்டுகளை இறுக்கிய பின்னரே ஸ்டியரிங் வேலை முடிந்ததாகக் கணக்கு எழுதப்படுகிறது.